போட்டோஷாப்பின் செலக்‌ஷனும் மாஸ்க்கும், ஒரு கழுத்திருப் படத்தை வைத்து

போன மாதம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார். கையில் ஒரு பென் டிரைவ். 2009இல் அவருடைய அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, அறுபதாம் கல்யாணம் நடந்தபோது வீட்டு நடு முற்றமான வளவில் எடுத்த குடும்பப் படம் அதில் இருந்தது. அப்பச்சியும் ஆத்தாளும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் பிள்ளைகள் மூன்று பேர் நிற்கிறார்கள். ஆத்தா, அதாவது ஆச்சியின் அம்மா, இப்போது இல்லை. தனியாக ஒரு நல்ல படம் அவர் எடுத்துக்கொள்ளவே இல்லையாம். "ஆத்தா மட்டும் தனியா வேணும் தம்பி, பதினாறுக்கு இருபதுல பெருசா. படைப்புக்கு முன்னாடி வீட்டுல மாட்டணும்" என்றார். படைப்பு என்பது முன்னோருக்குச் செய்யும் வழிபாடு.

படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, பத்து மெகாபிக்சல் கேமராவில் ஐந்து பேரைச் சேர்த்து எடுத்த படம் இது, ஒருவரை மட்டும் வெட்டினால் பதினாறுக்கு இருபது அங்குலம் தாங்காது, பத்துக்குப் பன்னிரண்டு போட்டால் சுவரில் மாட்டிப் பார்க்க நன்றாக இருக்கும் ஆச்சி என்று சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

போட்டோஷாப்பில் ஆளை வெட்டி எடுக்கும் வசதிகளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருஷத்துக்கு மேலாக இந்த வேலைதான் செய்கிறேன். ஆனால் விளம்பரத்தில் காட்டுகிற படங்களை வைத்து எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. அங்கே எப்போதும் வெறும் சுவர் முன்னால் ஒரு பெண் நிற்பார், ஒரு சொடுக்கில் பின்னணி போய்விடும். ஆச்சி கொண்டுவந்த படம் அப்படி இல்லை. ஆத்தா தலையின் இடது பாதிக்குப் பின்னால் மகளின் கருநீலச் சேலை, வலது பாதிக்குப் பின்னால் முட்டை வெள்ளைக் கரு சேர்த்துப் பூசிப் பளபளவென்று தேய்த்த பழைய சுண்ணாம்புச் சுவர். முடி முக்கால்வாசி வெள்ளை. அந்த வெள்ளைச் சுவர்ப் பக்கமாகத்தான் மல்லிகைச் சரம் தொங்குகிறது. கழுத்தில் கழுத்திரு, நகரத்தார் பெண்களின் பெரிய தாலி நகை. அரக்குப் பட்டு, கீழே ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் கிட்டத்தட்ட அதே அரக்கு. அப்பச்சியின் அங்கவஸ்திரம் ஆத்தாளின் கையை உரசிக்கொண்டு கிடக்கிறது. தோளுக்குப் பின்னாலிருந்து யாருடையதோ நான்கு விரல்கள் தோளைப் பற்றியிருக்கின்றன. ஒரு மென்பொருளைச் சோதிக்க இதைவிட நல்ல படம் கிடைக்காது என்று தோன்றியது. அதனால் இதே படத்தை போட்டோஷாப், கிம்ப், போட்டோபியா மூன்றிலும் செய்து பார்த்தேன்.

முதலில் ஒரு விஷயம். செலக்‌ஷன் வேறு, மாஸ்க் வேறு. புதிதாகப் படிக்கிற பையன்கள் முக்கால்வாசிப் பேர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். செலக்‌ஷன் என்பது தேர்ந்தெடுத்த பகுதியைக் காட்ட எறும்பு ஊர்வது மாதிரி ஓடும் கோடு. கன்ட்ரோல் டி தட்டினால் போய்விடும். மாஸ்க் என்பது லேயருடன், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்குடன், ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளையாக இருக்கும் இடம் தெரியும், கறுப்பாக இருக்கும் இடம் மறையும், நடுவில் உள்ள சாம்பல் அரைகுறையாகத் தெரியும். எட்டு பிட் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள். முடியை வெட்டுவது என்பதே இந்த நடுப்படிகளைச் சரியாகப் போடுவதுதான். ஊரும் எறும்புக் கோடு பாதிக்கு மேல் தேர்வான பிக்சல்களைச் சுற்றி மட்டும்தான் ஓடும், அதற்குக் குறைவாகத் தேர்வான மெல்லிய முடி கோட்டுக்கு வெளியே நிற்கும். ஆனால் அது தேர்வில் இருக்கும். கோட்டைப் பார்த்துவிட்டு முடி விட்டுப்போனது என்று நினைத்து மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் தலையைச் சுற்றி ஒரு தொப்பி மாதிரி ஆக்கிவிடுபவர்கள் நிறைய பேர். மாஸ்க் ஆக்கி, ஆல்ட் அழுத்தியபடி மாஸ்க்கின் சின்னப் படத்தைச் சொடுக்கிப் பாருங்கள், உண்மை நிலவரம் கறுப்பு வெள்ளையில் தெரியும்.

மாஸ்க் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நான் தொழிலுக்கு வந்த முதல் வருஷத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கல்யாணப் பெண்ணின் படத்தில் பின்னணியை இரேசரால் அழித்தேன். காதோரம் தொங்கிய பூச்சரமும் சேர்ந்து அழிந்தது. கவனிக்காமல் அதே பெயரில் ஜேபெக் ஆகச் சேமித்துவிட்டேன். ஆல்பம் பார்த்த பெண்ணின் அம்மா, பூ எங்கே என்று கேட்டார். அசலும் கையில் இல்லை. அன்றைக்கு என் முதலாளி திட்டவில்லை, உட்கார வைத்து மாஸ்க் சொல்லிக் கொடுத்தார். அதற்குப் பிறகு வாடிக்கையாளர் படத்தில் இரேசரைத் தொட்டதில்லை. நீங்களும் தொடாதீர்கள்.

சரி, போட்டோஷாப்புக்கு வருகிறேன். 1990இல் வந்த முதல் பதிப்பிலேயே ஒரே மாதிரி நிறத்தைப் பிடிக்கும் மேஜிக் வாண்டும் கையால் சுற்றித் தேர்ந்தெடுக்கும் லாசோவும் இருந்தன. லேயர் 1994இல் மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. 2007இல் சிஎஸ் 3 வந்தபோது தடவித் தேர்ந்தெடுக்கும் குயிக் செலக்‌ஷனும் ஓரத்தைச் சீர்செய்யும் ரிஃபைன் எட்ஜும் வந்தன, அப்போதுதான் எங்களைப் போன்ற சின்ன ஸ்டுடியோக்காரர்களுக்கு மூச்சு வந்தது என்று முதலாளி சொல்வார். 2016இல் ரிஃபைன் எட்ஜ் இருந்த இடத்தில் செலக்ட் அண்ட் மாஸ்க் என்ற தனி அறையையே கொண்டுவந்தார்கள். 2018 தொடக்கத்தில் படத்தின் ஆளைத் தானாகப் பிடிக்கும் செலக்ட் சப்ஜெக்ட், 2019 கடைசியில் கட்டம் இழுத்த இடத்தில் இருப்பதைப் பிடிக்கும் ஆப்ஜெக்ட் செலக்‌ஷன். கடைசி இரண்டும் வந்தபிறகு பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னணி மாற்றுவது ஒரு வேலையே இல்லை என்றாகிவிட்டது.

ஆச்சியின் படத்தில் செலக்ட் சப்ஜெக்ட் கொடுத்தால் ஐந்து பேரும் சேர்ந்து தேர்வானார்கள். அது நியாயம்தான், ஐந்து பேருமே படத்தின் ஆட்கள். ஆகவே ஆப்ஜெக்ட் செலக்‌ஷனை எடுத்து ஆத்தாளைச் சுற்றி மட்டும் ஒரு கட்டம் இழுத்தேன். மூன்று விநாடி. முகமும் தோளும் சேலையின் பெரும்பகுதியும் அழகாக வந்தன. அந்த மூன்று விநாடி வேலையை நான் கையால் செய்தால் இருபது நிமிஷம் ஆகும். இதற்காகவே அந்தக் கருவிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஆனால் தானியங்கித் தேர்வு எந்த மென்பொருளில் இருந்தாலும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அது ஆளை அடையாளம் காணப் பழகியது. ஆள் அணிந்திருப்பதை, அதுவும் நம் பக்கத்து நகையையும் பூவையும் ஓரம் ஓரமாகப் பிரித்துக் கொடுக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது. கழுத்திருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பல உருப்படிகளை ஒன்றாகக் கோத்த நகை அது. நடுவில் பெரிய உரு, அதன் கூர்மையான முனைகள், இரண்டு பக்கமும் குழலும் மணியும், நடுநடுவே சந்து. அந்தச் சந்துக்குள் சேலை தெரியும், சில இடத்தில் நிழல் தெரியும். இந்தப் படத்தில் நகைக்குப் பின்னால் சேலைதான் என்பதால் உள்ளே வெட்ட வேண்டியதில்லை, தப்பித்தேன். ஆனால் பின்னணியை மாற்றாமல் நகையை மட்டும் கொஞ்சம் துலக்கிக் காட்ட வேண்டும் என்றால் நகைக்குத் தனி மாஸ்க் வேண்டும். அதற்குப் புள்ளி வைத்து வளைகோடு இழுக்கும் பென் டூல்தான். வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பென் டூலைக் கண்டு பயப்படுபவர்களுக்குச் சொல்கிறேன், புள்ளிகளைக் குறைவாகப் போடுங்கள். வளைவு திரும்பும் இடத்தில் ஒன்று, முடியும் இடத்தில் ஒன்று. கழுத்திருவின் நடு உருவுக்கு எனக்கு முப்பது புள்ளிக்குள் போதுமாக இருந்தது. கோட்டை விளிம்பின் மேலேயே ஓட்டாமல் அரை பிக்சலோ ஒரு பிக்சலோ உள்ளே தள்ளி ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் பின்னணி நிறம் ஒரு நூலாக ஒட்டிக்கொண்டு வரும். இப்படி இழுத்த கோட்டை, அதாவது பாதையை, தேர்வாக மாற்றும்போது ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதர் 0.5 கொடுத்தால் போதும். பிளேடால் வெட்டின மாதிரி இருக்காது, மங்கியும் போகாது. நகைக்கு மட்டும் நாற்பது நிமிஷம் உட்கார்ந்தேன். மாஸ்க் போட்ட பிறகு கர்வ்ஸில் வெளிச்சத்தை லேசாக ஏற்றினேன், தங்கம் தங்கமாக வந்தது. அந்தப் பாதையை பாத்ஸ் பலகையில் பெயர் போட்டுச் சேமித்தும் வைத்திருக்கிறேன், பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அப்புறம் முடி. இங்கேதான் செலக்ட் அண்ட் மாஸ்க் அறையைத் திறந்தேன். கன்ட்ரோல் ஆல்ட் ஆர். உள்ளே போனதும் முதலில் செய்ய வேண்டியது வியூவை மாற்றுவது. ஆனியன் ஸ்கின் என்ற மங்கலான வியூவில் ஓரம் எப்படி இருக்கிறது என்றே தெரியாது. புதுப் பின்னணி இருட்டாக இருக்கப் போகிறது என்றால் ஆன் பிளாக், வெளிச்சமாக இருக்கப் போகிறது என்றால் ஆன் வைட். ரிஃபைன் எட்ஜ் பிரஷ்ஷை முடி ஓரத்தில் மட்டும் தடவ வேண்டும், நெற்றிப் பக்கம் உள்ளே போகக் கூடாது. ஆத்தாளின் தலைக்கு இடது பாதி, அதாவது கருநீலச் சேலைப் பக்கம், இரண்டே தடவலில் இழை இழையாக வந்தது. வெள்ளை முடிக்குக் கருநீலம் பின்னணி என்றால் மென்பொருளுக்கு விருந்து. வலது பாதி சுவர்ப் பக்கம். வெள்ளை மேல் வெள்ளை. அங்கே பிரஷ்ஷை எத்தனை தடவை தடவினாலும் பலன் இல்லை. அது மென்பொருளின் குறை என்று சொல்ல மாட்டேன். கண்ணுக்கே பிரித்துத் தெரியாத இடத்தில் மென்பொருள் எதை வைத்துப் பிரிக்கும்?

இந்த மாதிரி இடத்துக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது, இன்றைக்கும் அதற்கு ஈடில்லை. சேனல். வண்ணப்படம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களின் சேர்க்கை. நம் ஊர்ச் சுண்ணாம்புச் சுவர் பார்க்க வெள்ளையாக இருந்தாலும் உண்மையில் வெண்ணெய் நிறம், மஞ்சள் கலந்தது. மஞ்சள் எங்கே இருக்கிறதோ அங்கே நீல சேனல் இருட்டும். மல்லிகையிலும் நரைத்த முடியிலும் மஞ்சள் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே நீல சேனலை மட்டும் பார்த்தால் சுவர் ஒரு படி சாம்பலாகவும் பூவும் முடியும் அதைவிட வெளுப்பாகவும் தெரிந்தன. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் இருந்தது. அந்தச் சேனலை நகல் எடுத்து, லெவல்ஸில் கறுப்பு, வெள்ளை இரண்டு ஓரத்தையும் உள்ளே தள்ளி வித்தியாசத்தைக் கூட்டினேன். சுவர் கறுப்புப் பக்கம் போனது, முடி வெள்ளைப் பக்கம் வந்தது. மிச்சத்தை பிரஷ்ஷை ஓவர்லே முறையில் வைத்துத் தடவினேன். ஓவர்லேயில் கறுப்பால் தடவினால் ஏற்கெனவே கறுத்திருப்பது இன்னும் கறுக்கும், முழு வெள்ளையைத் தொடாது. வெள்ளையால் தடவினால் நேர்மாறு. இழைகள் உடையாமல் நின்றன. நீல சேனலில்தான் இரைச்சலும் ஜேபெக் கட்டங்களும் அதிகம், அதனால் கொஞ்சம் கரடாக வந்தது. அதை ஒரு பிக்சல் மங்கல் கொடுத்துச் சரி செய்தேன்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். ஸ்டுடியோவுக்குப் படம் அனுப்புகிறவர்கள் தயவு செய்து வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது ஆச்சி மாதிரி பென் டிரைவில் கொடுங்கள். வாட்ஸப் படத்தைச் சுருக்கும்போது முதலில் போவது முடி ஓரத்து விவரம்தான். அதன் பிறகு எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது.

வெட்டியபிறகு ஓரத்தில் வரும் வெள்ளைக் கரை எல்லோரையும் படுத்தும் இன்னொரு விஷயம். முடி ஓரத்தில் உள்ள பிக்சல் முழுக்க முடியும் இல்லை, முழுக்கச் சுவரும் இல்லை, இரண்டும் கலந்த நிறம். அதை இருட்டுப் பின்னணியில் வைத்தால் சுவரின் வெளுப்பு காட்டிக் கொடுத்துவிடும். செலக்ட் அண்ட் மாஸ்க்கில் டீகன்டாமினேட் கலர்ஸ் என்று ஒன்று இருக்கிறது, ஓரப் பிக்சல்களின் நிறத்தை உள்ளே இருக்கும் நிறத்தைக் கொண்டு மாற்றும். ஆனால் அது பிக்சலையே மாற்றுவதால் முடிவைப் புது லேயராகத்தான் கொடுக்கும், மாஸ்க்காக மட்டும் கொடுக்காது. அவுட்புட்டில் நியூ லேயர் வித் லேயர் மாஸ்க் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அசல் பத்திரமாக இருக்கும். நானோ இப்போதெல்லாம் அதைக்கூட அதிகம் பயன்படுத்துவதில்லை. பின்னணியை அசல் படத்தின் வெளிச்சத்துக்குப் பக்கத்திலேயே தேர்ந்தெடுத்துவிடுகிறேன். ஆத்தாளுக்கு வலது பக்கம் இளம் மஞ்சள் கலந்த சாம்பலும் இடது பக்கம் கொஞ்சம் ஆழ்ந்த நிறமுமாக ஒரு பின்னணி போட்டேன், வளவின் சுவர் மாதிரியே. கரைப் பிரச்சினை முக்கால்வாசி அங்கேயே தீர்ந்தது. பழைய ரங்கூன் ஸ்டுடியோ படங்களைச் செட்டிநாட்டு வீடுகளில் பார்த்திருப்பீர்கள், பின்னணித் திரை ஒரு பக்கம் வெளுத்தும் ஒரு பக்கம் இருண்டும் இருக்கும். அந்தச் சாயலும் வந்தது.

அரக்குச் சேலையும் ஆத்தங்குடித் தரையும் ஒன்றாகக் கலந்த இடத்துக்கு எந்தப் புதுக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. கியூ தட்டினால் குயிக் மாஸ்க், மறைய வேண்டிய இடமெல்லாம் சிவப்பாகத் தெரியும், சாதாரண பிரஷ்ஷால் கறுப்பும் வெள்ளையும் தடவிக் கோட்டை நேர் செய்துகொள்ளலாம். அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? கணினி வருவதற்கு முன்னால் ஆப்செட் அச்சுக்கு நெகட்டிவ் தயார் செய்யும் மேசையில் ரூபிலித் என்ற சிவப்பு ஃபிலிமை பிளேடால் வெட்டி ஒட்டுவார்கள். லித் ஃபிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது, ஆகவே சிவப்பு ஒட்டின இடம் கறுப்பு ஒட்டின மாதிரி. சிவகாசியில் பழைய அச்சகங்களில் வேலை பார்த்த பெரியவர்களைக் கேட்டால் கையால் காட்டுவார்கள். அவர்கள் பிளேடால் செய்ததைத்தான் நாம் மவுஸால் செய்கிறோம். எனக்கு இந்த விஷயம் தெரிந்த நாளிலிருந்து குயிக் மாஸ்க் மேல் ஒரு தனி மரியாதை.

சரி, கிம்ப். இலவசம், 1996லிருந்து இருக்கிறது, சேவை மனதோடு உருவாக்குகிறவர்களின் வேலை. 2018இல் வந்த 2.10 பதிப்பில் ஃபோர்கிரவுண்ட் செலக்ட் கருவியைச் சீர்படுத்தினார்கள், 2025 மார்ச்சில் 3.0 வந்தது, ஃபில்டர்களைப் பிறகு திருத்திக்கொள்ளும் வசதியோடு. அதே படத்தை அதில் செய்தேன். ஆளை ஒரு சொடுக்கில் பிடிக்கும் கருவியை எதிர்பார்க்காதீர்கள், முதலில் தோராயமாக லாசோவால் சுற்ற வேண்டும், பிறகு உள்ளே ஆத்தாளின் மேல் கோடு கிழித்து இது வேண்டும் என்று சொல்ல வேண்டும், பிறகு காத்திருக்க வேண்டும். மூன்று விநாடி வேலை ஏழெட்டு நிமிஷம் ஆனது. ஆனால் பாத்ஸ் கருவி, சேனல், லெவல்ஸ், லேயர் மாஸ்க், ஷிஃப்ட் கியூவில் குயிக் மாஸ்க் எல்லாம் அங்கேயும் இருக்கின்றன. அதாவது இந்தப் படத்தில் கஷ்டமான பகுதிகள் எல்லாவற்றையும் கிம்பிலும் அதே தரத்தில் செய்ய முடிந்தது. கழுத்திருவுக்கு இரண்டிலும் அதே நாற்பது நிமிஷம்தான். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், மாதச் சந்தா கட்ட முடியாதவர்கள், திருட்டுப் பதிப்பைத் தேடாமல் கிம்பை எடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றது எங்கும் போகாது, கருவிகளின் பெயர்தான் மாறும்.

போட்டோபியா உலாவியிலேயே ஓடும், 2013லிருந்து இருக்கிறது. ஓரத்தில் விளம்பரம் இருக்கும், மற்றபடி இலவசம். படம் நம் கணினியிலேயேதான் இருக்கும், அவர்கள் சர்வருக்குப் போகாது. வீட்டுப் படங்களை வெளியே ஏற்றத் தயங்குபவர்கள் நிம்மதியாக இருக்கலாம். போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பை மாஸ்க்கோடு திறந்தது, ரிஃபைன் எட்ஜ் பலகையும் இருக்கிறது. வெளியூரில் கல்யாணத்துக்குப் போன இடத்தில் யாருடைய லேப்டாப்பிலாவது அவசரமாக ஒரு திருத்தம் செய்ய இதைவிட நல்ல வழி இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலைக்கு நான் இதை எடுக்க மாட்டேன், அவ்வளவுதான்.

பின்னணியை நீக்கித் தருகிறோம் என்று சொல்லும் இணையதளங்களும் இருக்கின்றன. பெயர் வேண்டாம், ஒன்றை ஒரு தடவை நம்பினேன். கண்டாங்கிச் சேலை விற்கும் தெரிந்தவர் ஒருவருக்கு இணையத்தில் போட வெள்ளைப் பின்னணியில் நாற்பது படம் வேண்டியிருந்தது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு வெளியூரிலிருந்து கேட்பவர்கள் கூடியிருந்தார்கள். அவசரம் வேறு. முந்தியில் முடிச்சுப் போட்ட குஞ்சம் எல்லாம் மொழுக்கென்று வெட்டுப்பட்டு வந்தது, இலவசமாகக் கிடைத்த படத்தின் அளவும் கைபேசித் திரைக்குத்தான் போதும். அதைவிட மோசம், சேலை மடிப்பின் கீழ் விழுந்த நிழலும் போயிருந்தது. நிழல் இல்லாத சேலை காற்றில் மிதக்கிற மாதிரி இருக்கும், வாங்குபவருக்குத் துணியின் கனம் தெரியாது. நாற்பதையும் திரும்பச் செய்தேன். நிழலை அழிக்காமல் தனி மாஸ்க்கில் எடுத்து, பின்னணியை இருட்டாக்கும் மல்டிப்ளை முறையில் ஒரு லேயராகக் கீழே வைத்தேன். சேலைக்கு ஒரு மாஸ்க், நிழலுக்கு ஒரு மாஸ்க். கட்டம் போட்ட பருத்தித் துணியின் கனம் அப்போதுதான் வந்தது.

கல்யாண வேலைக்கு, நிறையப் படங்களைச் சேர்த்துத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வளவில் படம் எடுப்பவர்களுக்குத் தெரியும், நடு முற்றத்தில் வானத்து வெயில் கொட்டும், சுற்றிலும் தாழ்வாரம் இருட்டாக இருக்கும், ஆள் இரண்டுக்கும் நடுவில் நிற்பார். 2021 அக்டோபரில் லைட்ரூமின் மாஸ்க் பகுதியை மாற்றி அமைத்து, ஆளையும் வானத்தையும் தானாகப் பிடிக்கும் வசதியைக் கொடுத்தார்கள். ஒரு படத்தில் ஆளை மட்டும் வெளிச்சமாக்கிவிட்டு அதை இருநூறு படங்களுக்கு நகல் எடுத்தால், ஒவ்வொரு படத்திலும் ஆள் எங்கே நிற்கிறாரோ அங்கே மாஸ்க்கைப் புதிதாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். இங்கே ஓரம் முன்னே பின்னே இருந்தாலும் குடி முழுகிப் போகாது, வெளிச்சம்தானே கூட்டுகிறோம், வெட்டவில்லை. ஆல்பத்துக்கு இது போதும். வெட்டி ஒட்ட இதை நம்பக் கூடாது.

பணம். போட்டோஷாப்பை 2013லிருந்து சந்தாவாகத்தான் கொடுக்கிறார்கள், புதுப் பதிப்பை ஒரு தடவை வாங்கி வைத்துக்கொள்ளும் கதை முடிந்துவிட்டது. எங்களைப் போல் தினமும் பத்துப் படம் வெட்டுபவர்களுக்கு அந்த மூன்று விநாடிக் கருவி மிச்சப்படுத்தும் நேரத்தில் சந்தா அடங்கிவிடும். மாதத்துக்கு இரண்டு படம் செய்பவர்களுக்கு அடங்காது, அவர்களுக்கு கிம்பே நல்லது. கணினியில் ராம் 16 ஜிபியாவது இருந்தால்தான் செலக்ட் அண்ட் மாஸ்க்கில் பெரிய படத்தை நிம்மதியாகத் தடவ முடியும். செலக்ட் சப்ஜெக்டுக்கு நம் கணினியிலேயே கணக்குப் போடுவது, இணையத்துக்கு அனுப்பிப் போடுவது என்று இரண்டு வழி அமைப்பில் இருக்கிறது. இணையம் விட்டுவிட்டு வரும் ஊரில் இருப்பவர்கள் முதலாவதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆத்தா படத்தின் கடைசி வேலை அந்த நான்கு விரல்கள். தனிப்படத்தில் தோளில் யாருடைய விரலோ இருந்தால் நன்றாக இருக்காது என்று, ஆத்தாளின் சேலையிலேயே பக்கத்து இடத்திலிருந்து கொசுவமும் சரிகையும் எடுத்துத் தனி லேயரில் விரல்களின் மேல் போர்த்தி, ஓரத்தை மாஸ்க்கால் இழைத்தேன். சரிகைக் கோடு தோளில் திரும்பும் இடத்தைச் சரியாகச் சேர்க்கவே ஒரு மணி நேரம் ஆனது. முடித்துவிட்டுப் பார்த்தபோது அங்கே கை இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

ஆச்சி வந்தார். அச்சுக்குப் போகுமுன் திரையில் காட்டினேன். முடியைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், கழுத்திருவைப் பார்த்து ரொம்ப நேரம் இருந்தார். பிறகு, "தோளில ஒரு கை இருந்துச்சே தம்பி, எங்க?" என்றார்.

"மறைச்சுட்டேன் ஆச்சி. தனிப்படத்துல விரல் மட்டும் தெரிஞ்சா யாரு கைன்னு பாக்குறவங்களுக்குப் புரியாது."

"அது என் கை. எனக்குப் புரியும்ல?"

போர்த்தியிருந்த லேயரின் மாஸ்க்கில் கறுப்பு பிரஷ்ஷால் தடவினேன். ஒவ்வொரு விரலாக வந்தது, மோதிரம் வந்தது. மணிக்கட்டுக்குப் பின்னால் ஆத்தாளின் மாஸ்க்கில் ஓப்பாசிட்டியைக் குறைத்துப் பின்னணியோடு மெல்ல மங்க விட்டேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை அச்சு வந்தது, பத்துக்குப் பன்னிரண்டு, தேக்குச் சட்டம் போட்டு வாங்கிக்கொண்டு போனார். பிஎஸ்டி கோப்பை எல்லா மாஸ்க்கோடும் அதே பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.